ஈயம் வைக்காத மூக்கு

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடுல்சீமை பஸ்ஸின் கண்டக்டர் பதுளை பஜாரில் இருக்கும் என் எழுதுபொருள் கடைக்குள் வந்து நின்றார். என் நண்பர் வேலாயுதம் அனுப்பும் பார்சலைக் கொடுக்க மட்டுந்தான் அவர் உள்ளே வருவார். அன்று கையில் பார்சல் இல்லை. நான் மேசையில் மிக்-15 மாதிரி விமானம் ஒன்றின் உடற்பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெருவிரலில் பசை.

"அண்ணே, நம்ம பிட்டர் போயிட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

திடுக்கிட்டு எழுந்தேன். விமானமும் விரலோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பிய்த்தெடுத்ததில் தோலும் கொஞ்சம் போனது. வலித்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

வேலாயுதத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மடுல்சீமை மலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் பிட்டராக இருந்து, எந்த இயந்திரம் நின்றாலும் ஓட வைத்தவர் அவர். அது ஊருக்கே தெரியும், அதை நான் சொல்லத் தேவையில்லை. நான் எழுத உட்கார்ந்தது சாவு வீட்டில் காதில் விழுந்த ஒரு பேச்சுக்காக. "நல்ல மனுசன்தான். என்ன, ஓய்வு நேரமெல்லாம் வெளையாட்டுச் சாமான் ஒட்டியே போயிருச்சு" என்றார் ஒருவர். வெளையாட்டுச் சாமானாம்! சொன்னவர் பெயரை எழுத மாட்டேன். பதில் சொல்லாமல் விடவும் மாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சோவியத் நாட்டின் பழைய ஜெட் போர் விமானமான மிக்-15ஐ எழுபத்திரண்டு மடங்கு சிறிதாக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதைக் 'கிட்' என்போம். துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி முடித்தால் ஒரு சாண்கூட நீளம் வராது. அந்த ஒரு சாணுக்குள் எத்தனை பிழை செய்யலாம் என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு அவர் என் கடைக்கு மெல்லிய உப்புத்தாள் கேட்டு வந்தார். கண்ணாடி அலுமாரியில் நான் கட்டிய முதல் மிக் நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஆகா" என்றுவிட்டுப் போன விமானம் அது. இவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எடது ரெக்கை தொங்குதுங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒங்களுக்கு உப்புத்தாள் எத்தனை வேணும்?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்தார். இயந்திரப் பாகங்களின் கனத்தை மயிரிழை பிசகாமல் அளக்கிற இரும்புக் கவை அது. மேசையிலிருந்து இரண்டு இறக்கைகளின் நுனிக்கும் அளந்தார். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். "எழுவத்திரெண்டால பெருக்கிப் பாருங்க மொதலாளி. நெசப் பிளேன்ல இது ஏழு சென்றிமீற்றர். பைலட்டு பாவம்" என்றார். அடுத்த மாதம் அவர் கட்டிய மிக்கைக் கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று குறை கண்டுபிடித்தேன். அப்படித்தான் சேர்ந்தோம்.

அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுடையது. ஒரே விமானம், இரண்டு கிட். ஒருவர் பழைய அச்சில் வார்த்ததைக் கட்ட வேண்டும், மற்றவர் புதிய அச்சில் வந்ததை. அடுத்த முறை மாற்றிக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபின் ஆளுக்கொரு துண்டுத்தாளில் மற்றவரின் குறைகளை மட்டும் எழுதுவோம். புகழக் கூடாது. இந்தச் சட்டம் அவர் போட்டது. "நல்லா இருக்குன்னு சொல்ல வாய் இருந்தாப் போதும் மொதலாளி. கொறை சொல்லணும்னாத்தான் கண்ணு வேணும்" என்பார். அதனால் இங்கும் அவரைப் புகழப் போவதில்லை. புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது.

மிக்-15இன் ஒவ்வோர் இறக்கையின் மேலும் இரண்டு சிறு தகடுகள் வேலிபோல நிற்கும். பழைய அச்சில் அவை தோசைக் கரண்டி கனத்துக்கு வரும். நான் அப்படியே ஒட்டிவிடுவேன். அவர் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, தேயிலை அடைக்கும் பையின் உள்பக்க வெள்ளித்தாளை மடித்து அழுத்தி, புதிதாய் நாலு வேலி செய்வார். அதில் தொழிற்சாலை வாசம் அடிக்கும். அதையும் ஒரு குறையாக எழுதினேன். ஏற்றுக்கொண்டார்.

உலகத்தில் எத்தனையோ விமானம் இருக்க, ஏன் இதையே கட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது சோவியத் பத்திரிகைத் தாளில்தான் எல்லாரும் புத்தகத்துக்கு அட்டை போடுவோம், அவருடைய கணக்குக் கொப்பியின் அட்டையில் இந்த விமானம் வந்து விழுந்திருக்கிறது. "மூக்குல பெரிய ஓட்டை. காத்த உள்ள இழுத்துப் பின்னால தள்ளுது. நம்ம பெக்டரி மாடியில கொழுந்து வாட்டுற பேனும் அதத்தான் செய்யுது. அந்தப் பேனுக்கு ரெக்கை வச்சிருக்கானுங்க, அவ்வளவுதான். இது வேற யாரோட பிளேனும் இல்ல மொதலாளி, நம்ம ஆளுதான்" என்றார்.

இனி அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன். இந்த விமானத்துக்கு முன்சக்கரம் உண்டு. மாதிரியில் பின்பாகம் கனம் என்பதால், உடலை மூடுவதற்கு முன் மூக்குக்குள் கொஞ்சம் ஈயம் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் வால் தரையில் குந்தி, மூக்கு வானத்தைப் பார்க்கும். வேலாயுதம் இதற்குத் தேயிலை லாரிக் கதவில் அடிக்கும் ஈய முத்திரையை வைத்திருந்தார். கழற்றி எறிவதைப் பொறுக்கி நசுக்கி வைத்துக்கொள்வார். ஒரு நாள் கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்று நின்றுபோய், பாதி வேலையில் ஆள் வந்து அவரைக் கூட்டிப் போயிருக்கிறார். திரும்பி வந்த களைப்பில், மேசையில் கிடந்த ஈயத்தைப் பார்க்காமல் உடலை ஒட்டி மூடிவிட்டார்.

அந்த ஞாயிறு என் மேசையில் அதை நிறுத்தினார். 'டக்' என்று வால் குந்தியது. எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் இயந்திரங்களையெல்லாம் சமன் பார்க்கிறவர் அல்லவா! அவர் சிரிக்கவில்லை.

"சரி விடுங்க பிட்டரே, அடியில ஒரு ஓட்டை போட்டு ஈயத்த உள்ள தள்ளிரலாம். கொண்டாங்க, நானே செய்யிறேன்" என்றேன்.

"தொடாதீங்க" என்றார். "மெசினுன்னா சரி பண்ணித்தான் ஆகணும், இல்லாட்டி இன்னொருத்தன் கை போயிரும். பொறந்ததுலேருந்து மத்தவனுக்காகச் சரி பண்ணிக்கிட்டேதான் இருக்கேன். இது என் சொந்தத் தப்பு. இத எவனுக்கும் சரி பண்ணிக் காட்ட வேண்டியதில்ல. மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது, நிக்கட்டும்."

அதற்குப் பிறகு கொழும்பில் மாதிரி விமானங்களின் காட்சி ஒன்று நடந்தது. போனோம். அவரிடம் ஒழுங்காய் நிற்கிற விமானங்கள் எத்தனையோ இருந்தும், மனுசன் பிடிவாதமாய் அதைத்தான் கொண்டுவந்தார். மேசைக்குப் பொறுப்பானவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "தோட்டத்திலே விமானமா?" என்று சிரித்தார்.

"நாங்க ஒங்கள விட உயரத்துலதாங்க இருக்கோம்" என்றார் வேலாயுதம்.

பொறுப்பானவரின் முகம் சுருங்கியது. வாலுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கம்பி முட்டுக் கொடுத்தால் காட்சியில் வைக்கலாம், இப்படியே வைக்க முடியாது என்றார். எல்லாரும் செய்கிற வேலைதான் அது. நானே வேலாயுதத்திடம் கெஞ்சினேன். "முட்டுக் குடுத்துத்தான் நிக்கணும்னா நிக்க வேணாங்க. எறக்கிருங்க" என்று சொல்லி அவரே விமானத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். என்னுடைய மிக் அங்கே ஒரு சான்றிதழ் வாங்கியது.

திரும்பும் ரயிலில் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். அப்புத்தளை தாண்டியபின் மெதுவாகக் கேட்டார்: "மொதலாளி, ஒங்கது சான்றிதழ் வாங்கிச்சு. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, ரெக்கை வேலி எதுல மெல்லிசு?"

"ஒங்கதுதான் மெல்லிசு. அழகா இருக்கு, போதுமா?"

"கொறை மட்டுந்தான் சொல்லணும்" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

சாவு வீட்டில் அந்த விமானம் லயத்து வீட்டுச் சுவர்ப்பலகையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சவப்பெட்டியை மூடும் நேரம் வந்தது. அவருக்குப் பிடித்த வெற்றிலையும் சுருட்டும் உள்ளே வைத்தாயிற்று. அவருடைய மனைவி மருதாயியின் தம்பி, பெரகலயில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், பலகையிலிருந்து விமானத்தைக் கையில் எடுத்தார். "அத்தானுக்கு ரொம்பப் புடிச்சது. இதையும் கூடவே வச்சிரலாம்" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஐயோ, வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் நான் யார்? பதுளைக் கடைக்காரன். எனக்கு அந்த வீட்டில் என்ன உரிமை?

"எங்கடா எடுத்துக்கிட்டுப் போற? வையி அத" என்றார் மருதாயி. அதுவரை அழுதுகொண்டிருந்தவர்.

"அக்கா, ஆசையா வச்சிருந்தாரே..."

"வெத்தல வையி, சுருட்டு வையி. அது அவரு தின்னது, குடிச்சது. இது அவரு செஞ்சது. செஞ்சத எவனாச்சும் மண்ணுல போடுவானா? நாப்பது வருசம் மெசின ஓட்டுனாரே, பெக்டரியத் தூக்கிப் பொட்டிக்குள்ள வைப்பியா நீ?"

தம்பி விமானத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். வால் 'டக்' என்று குந்தியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை பீறிட்டது. வெளையாட்டுச் சாமான் என்று சொன்னவரும் அங்கேதான் நின்றார், கேட்டிருப்பார்.

கருமாதிக்குப் போனபோது வெட்கத்தை விட்டு மருதாயியிடம் கேட்டேன்: "பிளேன என் கடையில வச்சா நாலு பேரு பாப்பாங்கம்மா."

"பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டுங்க" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு நெருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதன்மேல் வேலாயுதத்தின் கையெழுத்து: 'மொதலாளி கேட்டாலும் குடுக்கக் கூடாது.' திறந்தால், அன்று மறந்துபோன அதே ஈயத்துண்டு. நான் என்றைக்காவது மூக்குக்குள் தள்ளிவிடுவேன் என்று ஒளித்து வைத்திருக்கிறார் மனுசன்!

"குடுக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்காரு. நான் குடுக்குறேன். நீங்க இனிமே இத மூக்குக்குள்ள தள்ள மாட்டீங்க" என்றார் மருதாயி.

என்னிடம் இருப்பது அந்த ஈயத்துண்டுதான். செய்தி வந்த காலையில் என் விரலில் ஒட்டிக்கொண்ட மிக்கின் உடலைப் போன ஞாயிறு ஒட்டி மூடினேன். ஈயம் மேசையிலேயே இருந்தது, பார்த்துக்கொண்டேதான் மூடினேன். இப்போது அது கடை அலுமாரியில் வானத்தைப் பார்த்து நிற்கிறது. "அண்ணே, பிளேன் சாஞ்சு கெடக்கு, ஒரு முட்டுக் குடுங்க" என்கிறார்கள் வருகிறவர்கள். எங்கள் சட்டப்படி ஒரு துண்டுத்தாள் எழுதிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், படித்துப் பார்க்கட்டும்: 'குறை: மூக்கில் ஈயம் இல்லை. திருத்துவதாக இல்லை.'