ஃப்ரீசரில் இருந்த சீம்பால்

1. வீக்கம்

தடுப்பூசி முகாம் முடிந்த மறுநாள் காலை, சப் சென்டர் பூட்டைத் திறப்பதற்குள் பழனியம்மாள் வந்து நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்று நான் நிம்மதியாக டீ குடித்த மாதிரிதான்.

"ஏனுங் டாக்டரம்மா, நல்லா நின்னுட்டிருந்த மாட்டுக்கு ஊசி போடறேன்னு போட்டுட்டுப் போயிட்டீங்க. இப்ப வந்து பாருங், கழுத்துல எலுமிச்சங்கா கணக்கா வீங்கிக் கெடக்குது. தீனியும் தொடல. செனை மாடுங் அது!"

நான் டாக்டர் இல்லை. கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். டாக்டர் இருப்பது பஸ் ஏறிப் போகவேண்டிய மிருகாஸ்பத்திரியில். ஆனால் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற இந்த ஊர்களில் ஊசி கையில் வைத்திருக்கிற பெண் டாக்டரம்மாதான். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், ரிட்டயர் ஆகும்வரை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து மாடுகளுக்கு ஒரு புது நோய் வந்திருந்தது. காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும். ஆபீஸின் மலையாளக் காகிதத்தில் அதன் பெயர் சர்ம்மமுழ. ஊருக்குள் மாட்டம்மை. எங்கள் மாடுகளின் உடம்பு அதற்கு முன் அதைக் கண்டதே இல்லை. அதனால்தான் வீடு வீடாக ஊசி.

பழனியம்மாளின் கட்டுத்தறிக்குப் போய் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக, கெட்டியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம்.

"வீங்கட்டும்க்கா. உள்ள ஆள் கூடியிருக்குது, அவ்வளவுதான். ஊருக்குள்ள புது ஆள் வந்தா மொதல்ல யாரு கூடறாங்க? அவன் யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாம, சும்மா சத்தம் போடறவங்கதானே? விசாரிச்சு ஆளைப் புடிக்கிறவங்க மெதுவாத்தான் வருவாங்க. இப்ப வந்திருக்கிறது சத்தம் போடற கூட்டம்."

பழனியம்மாள் யோசித்தார். "அப்ப மொதல்ல வர்றது எங்கூட்டுக்காரரு மாதிரிங்களா?"

திண்டாடிப்போனேன். ஆமாம் என்று சொல்ல முடியாது, அவர் வீட்டுக்காரர் பக்கத்திலேயே புல் அறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கேள்வியோடு பழனியம்மாளின் கோபம் இறங்கிவிட்டது. நாலைந்து நாளில் வீக்கமும் இறங்கியது. பிறகு வேளை வந்தபோது மாடு நல்லபடியாகக் கன்று போட்டது.

2. காய்ச்சல்

பழனியம்மாளுக்கு அடுத்த வீடு மயிலாத்தாளுடையது. அங்கே இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. பிள்ளைகள் வெளியூர், கணவர் வாளையார் பக்கம் லாரி ஓட்டுகிறவர். பகல் முழுக்க மயிலாத்தாளுக்குப் பேச்சுத்துணை அந்தச் செவலைதான். முகாமுக்கு வந்தபோது, "தலைச்சன் செனைங். பயமா இருக்குது. கண்ணு போடட்டும், பொறவு போட்டுக்கலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை.

செவலை நிறைசினையாக இருந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்து ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். காது கொதித்தது. முன்தோளில் நெறி கட்டியிருந்தது. கழுத்தில் நாலைந்து கட்டிகள் எழும்பத் தொடங்கியிருந்தன. டாக்டர் ஜீப்பில் வந்து மருந்து கொடுத்தார். மயிலாத்தாள் கட்டுத்தறியைச் சுற்றி வேப்பிலை செருகி, ஈரத்துணியால் செவலையின் முதுகைத் துடைத்தபடியே நின்றார்.

"காச்சலு முழுசா எறங்கலீங்களே. இன்னொரு ஊசி போட்டு எறக்கிப் போடுங்க டாக்டரம்மா."

"ரொம்ப ஏறுனா எறக்கத்தான் மருந்து குடுத்திருக்குது. மிச்சமிருக்கிற சூடு இவ ஒடம்பு போடற சண்டைக்கா. வந்தது யாருன்னு அதுக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சு, அவனுக்குன்னே ஆயுதம் செஞ்சு முடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் இவ தாக்குப்பிடிக்கணும்."

"தாக்குப்பிடிப்பாளுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மயிலாத்தாள் துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்தார். அன்றைக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்பவே எனக்கு மனசு வரவில்லை.

3. கன்று

செவலை அந்த வாரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே, நாள் நிறையாமல், ஒரு மத்தியானம் கன்று போட்டுவிட்டது. கிடேரி. நான் போய்ச் சேர்ந்தபோது தாய் எழ முடியாமல் கிடந்தது. காம்பெல்லாம் புண், பீய்ச்சிப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. கன்று தலையைத் தூக்கத் தூக்க அது கீழே விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நம் குழந்தைக்கு அம்மாவின் ரத்தத்திலிருந்தே கொஞ்சம் பாதுகாப்பு வந்துவிடும். கன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நோயை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஒன்றுகூட இல்லாமல் வெறும் உடம்போடு பிறக்கிறது. அதன் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ள நாளாகும். அதுவரைக்கும் தாய் தன் சீம்பாலில் கொடுத்தனுப்புகிற காவல்தான் எல்லாம். அதுவும் பிறந்த சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் முழுதாக உள்ளே விடும். பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "வேறெ பசுவின்டெ கன்னிப்பால் கிட்டுமோ?" என்றார். வேறு பசுவின் சீம்பால் கிடைக்குமா?

கிடைக்கும் இடம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால் தெருவில் எல்லா வீட்டுக்கும் சீம்பால் போகும். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துத் தின்பார்கள். கன்றுக்கு முதலில் குடுங்க என்று நான் சர்வீஸ் முழுவதும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், கேட்டவர்கள் பாதிப்பேர். ஆனால் இந்தத் தடவை பழனியம்மாள் எல்லா வீட்டுக்கும் கொடுத்தது போக, இரண்டு பாட்டிலை ஃப்ரீசரில் எடுத்து வைத்திருந்தார். மகள் கவிதா வளைகாப்புக்கு வருகிறாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் தவிக்கிற பெண், சீம்பால் மட்டும் வேண்டும் என்று போனில் கேட்டிருந்தாள். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவரும் பழனியம்மாள்தான்.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஊசி போட்ட மாடு, அதன் சீம்பாலில் இந்த நோய்க்கான காவல் நிச்சயம் இருக்கும் என்றும் சொன்னேன்.

பழனியம்மாள் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளான்னிக்கு வந்துருவாளுங். புள்ளத்தாச்சி வாய் தொறந்து கேட்டதுங்." பக்கத்து வீட்டிலிருந்து செவலை ஒரு தடவை ஈனமாகக் கத்தியது. அவர் ஃப்ரீசரைத் திறந்தார். இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

நான் மயிலாத்தாள் வீட்டுக்கு ஓடி, நிப்பிள் பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், ஸ்டவ் எரிகிறது! உறைந்த சீம்பாலைப் பாட்டிலிலிருந்து குண்டாவில் தட்டி அடுப்பில் ஏற்றப் போகிறார்.

"அய்யோ அக்கா, வெக்காதீங்க!"

"ஐஸாட்டம் இருக்குதுங். பச்சக் கண்ணுக்குச் சளி புடிச்சுக்காதுங்களா?"

"காய்ச்சினா என்ன ஆகும்?"

"கட்டியாகும்."

"கட்டியாகறது எதுன்னு நெனச்சீங்க? அந்தக் காவலுந்தாங்க்கா அதுல சேர்ந்து வெந்துபோகும். அப்புறம் வெறும் இனிப்புத்தான்."

அவர் சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டு, குண்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குண்டாவை வைத்து இருவரும் பொறுமையாகக் குளிர் விட வைத்தோம். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தோம். அவ்வளவு அவசரத்தில் அவ்வளவு மெதுவாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

கன்றின் தலையைப் பழனியம்மாள் மடியில் வைத்துக்கொண்டார். மயிலாத்தாள் நிப்பிளை வாயில் வைத்தார். முதலில் எல்லாம் கடைவாயில் வழிந்தது. நான் விரலால் நாக்கைத் தடவிக்கொடுத்தேன். விரலை ஏதோ இழுப்பது போலிருந்தது. இன்னொரு தடவை இழுத்தது. பிறகு பாட்டிலில் குமிழி ஏறியது.

"குடிக்குதுங்!" என்று மயிலாத்தாள் அழுதார். பழனியம்மாள், "அழுது அது மேல ஒழுக உடாத புள்ளே, பாட்டிலச் சாய்ச்சுப் புடி" என்று அதட்டினார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

ஈயும் கொசுவும் நோயைக் கொண்டுவரும் என்பதால் கன்றைத் தாயிடம் விடவில்லை. பழனியம்மாள் வீட்டு முன்னறையில், கவிதா குழந்தையாக இருந்தபோது வாங்கிய கொசுவலைக்குள் படுக்க வைத்தோம்.

4. மறுபடியும்

செவலை தாக்குப்பிடித்தது. கட்டிகள் உடைந்து ஆறி, தோலெல்லாம் தழும்பாக, எலும்பும் தோலுமாக எழுந்து நின்றது. டாக்டர் சரி என்று சொன்ன நாளில் கன்றைக் கொண்டுபோய் விட்டோம். தாய் மோந்து பார்த்துவிட்டு, தலையிலிருந்து வால்வரைக்கும் நக்கிக்கொண்டே இருந்தது.

அதற்கு முன்பே, கன்று வலைக்குள் இருந்தபோது வளைகாப்புக்கு வந்த கவிதாவுக்குச் சீம்பால் கிடைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டவள் வலையைத் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு வெச்சதக் குடிச்சவ நீதானா?" என்று அதன் நெற்றியில் முட்டினாள். கன்றுக்கு வலையம்மா என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

நான் ரிட்டயரான பிறகு வலையம்மா தலைச்சன் கன்று போட்டாள். மயிலாத்தாள் போன் செய்து கூப்பிட்டார். போனபோது கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சீம்பாலைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு மயிலாத்தாள் முதலில் போனது பழனியம்மாள் வீட்டுக்கு. கவிதாவும் பெண்குழந்தையோடு அங்கே இருந்தாள்.

பழனியம்மாள் ஒரு டம்ளர் மட்டும் மகளுக்கு அவிக்க எடுத்து வைத்தார். மற்றதைச் சுத்தமான பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றாக ஃப்ரீசரில் அடுக்கினார்.

புது நோய் வந்தால் உடம்பு கற்றுக்கொள்ள நாளாகும், அதுவரைக்கும் காப்பாற்ற இன்னொருவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இத்தனை வருஷம் நான் கத்திச் சொன்னது இவ்வளவுதான். அதை இப்போது அவர் கை செய்துகொண்டிருந்தது.

"யாருக்கும்மா இவ்வளவு?" என்றாள் கவிதா.

"யாரூட்டுக் கண்ணுக்கோ" என்றார் பழனியம்மாள். "இன்னம் பொறக்குல."