தையற்கடைப் படங்கள்

அந்த அம்மா பெண்களுக்கு மட்டும் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, இழுத்து மூட ஒரு திரை. அரைகுறையாகத் தைத்ததைப் போட்டுப் பார்க்கும்போது தோள் எங்கே இழுக்கிறது, இடுப்பு எங்கே தொங்குகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்வார். முகம் வேண்டாம் என்றுதான் எடுப்பார். கண்ணாடியில் விழுந்துவிடும்.

கூடவே இருந்த தம்பி மேல் போலிச் சான்றிதழ் விற்றதாகப் புகார். ஒரு காலையில் போலீஸ் நீதிமன்ற உத்தரவோடு வந்தது. தம்பியின் போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்த இன்ஸ்பெக்டர், மெஷின் மேல் கிடந்த போனையும் எடுத்தார்.

"சார், உத்தரவுல தம்பி பேர்தான் போட்டிருக்கு. அந்த போன் என்னோடது."

"ஒரே வீடுதானேம்மா. பாத்துட்டுக் குடுத்துடுவோம். லாக்கைத் திறங்க."

விரலை வைத்துவிட்டார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே பிறகு புரியவில்லை.

அவர்கள் போனதும் நினைவுக்கு வந்தவர் வாடிக்கையாளர்களில் ஒருவரான, ஸ்கூல் வேன் ஓட்டும் அக்கா. புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். சட்டைக்குள்ளேயே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியும்படி தைத்துக் கொடுப்பவர் இவர்தான். வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த அளவுக்காக எடுத்த படங்களும் போனில்தான் இருந்தன.

நேரே போய்ச் சொன்னார். வேனைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடினார்.

"யார் யார் பாப்பாங்க?"

"தெரியலக்கா."

"நீ எதுக்குத் திறந்து குடுத்த?"

இவர் மற்ற வாடிக்கையாளர்களிடமும் ஒவ்வொருவராகச் சொன்னார். சிலர் வெட்டிய துணியை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள்.

போனைத் திரும்பக் கேட்டு வக்கீல் மனுப் போட்டார். பாதிக்கப்பட்டவர் ஒருவர் வந்து சொன்னால் வலுவாக இருக்கும் என்றார். இவர் யாரையும் கேட்கவில்லை. விஷயம் காதுக்கு எட்டி வேன் அக்காவே வந்தார்.

"நான் சொல்றேன்."

"வேணாங்க்கா. எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"இப்ப யாருக்குத் தெரியும்னே தெரியல. என் வாயால போனா, யார்கிட்ட போச்சுன்னாவது தெரியும்."

மாஜிஸ்திரேட் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அக்கா சொன்னதைக் கேட்டார். அந்தப் படங்களை யாரும் பார்க்கவில்லை என்றார் அரசு வக்கீல்.

"பாக்கறதுக்கு இல்லேன்னா எதுக்கு சார் எடுத்துட்டுப் போனாங்க?" என்றார் அக்கா.

உத்தரவு தம்பியின் பொருள்களுக்கு மட்டும்தான். தைப்பவரின் போனை எடுத்தது தவறு. திருப்பிக் கொடுத்து, நகல்களையும் அழிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அழித்துவிட்டதாகப் போலீஸ் எழுதிக் கொடுத்தது.

"நெஜமாவே அழிச்சிருப்பாங்களா?" என்று இவர் கேட்டார்.

"எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா" என்றார் வக்கீல். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

போன் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, கண்ணெதிரிலேயே அழிக்கப் போனார். அக்கா தடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடி முன்னால் சட்டையை இழுத்துவிட்டுச் சிரிக்கும் ஒன்றில் நிறுத்தினார்.

"இதை எனக்கு அனுப்பிட்டு அழி."

இப்போது இவர் படம் எடுப்பதில்லை. சாக்கட்டியால் குறித்து, ஊசி குத்தி, இன்னொரு முறை வரச் சொல்கிறார். வேலை இழுக்கிறது. போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. தம்பியின் வழக்கு இன்னும் நடக்கிறது.