யானை வந்த பின்னேரமும் என் கிற்றாரும்

என் கூட்டாளி ரத்தினத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் பிழை என்னுடையது.

அறுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் உடையார்கட்டில் வயல் காவலுக்குப் போகும் பின்னேரங்களில், காவல் கொட்டிலுக்குள் நாங்கள் இரண்டு பேரும் இசைக்குழு நடத்தினோம். எனக்குக் கிற்றார். அவனுக்கு, யானை கலைக்கத் தட்டுகிற மண்ணெண்ணெய்த் தகரம். கொழும்பிலிருந்து வந்த சஞ்சிகையொன்றில் சைக்கடெலிக் ரொக் என்ற புது மேற்கத்திய இசை வாசிக்கிற குழுக்காரரைப் பற்றி வாசித்திருந்தேன். எதற்கும் அடங்காத, பயமறியாத, மிதக்கிற மனம் வேண்டுமாம். அது முழுக்க நான்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"உனக்கு அந்தக் குணம் இல்லையடா. நீ வரம்பு கட்டத்தான் சரி" என்று நாளும் பொழுதும் அவனைக் குத்துவேன். அவன் ஒரே தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். திறந்தால், கதிருக்குள் தனியன் யானை. கிற்றாரை எறிந்துவிட்டு ஓடினேன். வாய்க்காலுக்குள் விழுந்து திரும்பிப் பார்க்கிறேன், ரத்தினம் அதே தாளத்தைத் தட்டியபடி யானையை நோக்கி நடக்கிறான். அது காட்டுக்குள் திரும்பிவிட்டது.

சேறும் உடம்புமாக வந்த நான், "தாளம் பிழைச்சுப் போச்சு" என்றேன்.

அவன் தகரத்தை என் காலடியில் போட்டான். "தாளம் பிழைக்கேல்லை. நான் ஓடேல்லை எண்டதுதான் உனக்குக் கோவம்."

பிறகு அவன் வாசிக்க வரவில்லை. ஆனால் என் காவல் முறைக்கும் அவனே போனான். நான் பயத்தில் போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதை ஊரில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.