என் அதட்டலும் அவள் திக்கலும்

என் மகள் செல்விக்கு ஆறு வயதில் பேச்சு லேசாகத் திக்க ஆரம்பித்தது. கண்டித்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, "ஏட்டி, ஒழுங்காச் சொல்லு!" என்று ஒவ்வொரு முறையும் அதட்டினேன். திக்கல் கூடியது. நானும் அதட்டலைக் கூட்டினேன். பத்து வயதில் அவள் வீட்டில் வாய் திறப்பதே அபூர்வமாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு அவளோடு பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம். முன்பக்கம் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் இரண்டு வரிசை பின்னால் நின்றேன். அவள் பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் ஏதோ கேட்க, செல்வி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை. நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது அந்த அம்மாள், "ஒங்க மகளாய்யா? எம்புட்டு அழகாப் பேசுதா!" என்றாள்.

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அ... அ... அப்பா..."

அவள் திக்கியதால் நான் அதட்டினேன். நான் அதட்டியதால் அவள் திக்கினாள். நான்கு வருடமாக அந்தச் சுழற்சிக்கு வேகம் கொடுத்தவன் நான்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றோடு அதட்டலை விட்டேன். பயம் அவளை விடவில்லை. இப்போது கல்யாணமாகி வத்திராயிருப்பில் இருக்கிறாள். பிள்ளைகளோடு சரளமாகப் பேசுகிறாள். நான் போய் உட்கார்ந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. "வாங்கப்பா" என்று சொல்ல அவள் உதடு தடுமாறுகிறது. முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்தபடி காத்திருக்கிறேன்.