படிவத்தில் இல்லாத நல்ல தண்ணி

குடிநீர் லாரி எங்கள் தெருவுக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

திருமங்கலம் ரோட்டை ஒட்டி, நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த பகுதியில் எங்கள் வீடு. அந்தக் கோடையில் குடிநீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் இல்லாத தெருக்களுக்கு அவசரமாக லாரி விடப்போவதாகச் சொல்லி, வார்டு ஆபீசிலிருந்து தெருவுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அது நேராக என் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், காலேஜும் முடித்தவள். தெருவில் யாருக்கு என்ன ஃபாரம் வந்தாலும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

'மாற்று நீர் ஆதாரம் செயல்பாட்டில் உள்ளதா?' என்று ஒரு கேள்வி.

"என்னடி கேட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

"வேற தண்ணி ஏதும் வருதான்னு."

"தண்ணி வருது. நல்ல தண்ணிதான் வரல. அப்படியே எழுது."

தெருமுனையில் போர் போட்டு, சின்டெக்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர். துவைக்கலாம், குளிக்கலாம். அதில் பருப்பு வேகாது, வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் உலை வைக்கவும் ஆவதுதான் எங்களுக்கு நல்ல தண்ணி. அந்த வித்தியாசம் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுத வேண்டும் என்று படித்தவள் நான். 'ஆம்' என்பதில் டிக் போட்டேன்.

லாரி பக்கத்துத் தெருவோடு திரும்பிவிட்டது. இட்லிக்கடை அக்கா குடத்தோடு ஓடிப்போய் மறித்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"லிஸ்ட்ல உங்க தெரு இல்லக்கா" என்றார் டிரைவர்.

"ஏன், நாங்க என்ன அமெரிக்காவுலயா இருக்கோம்? இந்தா தெரியுதுல்ல வீடு!"

"தெரியுது. தண்ணி இருக்குன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க."

"எந்த மூதேவி எழுதுனது?" என்று திரும்பியவர் என்னைப் பார்த்தார். "நீயா தாயி?" என்றார். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் வார்டு ஆபீசுக்குப் போனேன்.

"சார், அது உப்புத் தண்ணி."

"உப்புன்னு எங்கம்மா எழுதியிருக்கீங்க?"

"அதுக்குக் கட்டமே இல்லையே சார்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?" கிளார்க் என் படிவத்தைத் தேடி எடுத்தார். "கையெழுத்து அழகா இருக்கு. நீங்கதான எழுதுனது?"

எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிப் புதுப் படிவம் கொடுத்தால் அடுத்த லிஸ்டில் சேர்க்கலாம் என்றார்.

"அவசரம்னு மேலயே போட்டிருக்கே சார்?"

"அதான் வாரத்துக்கு ஒரு லிஸ்ட். இல்லாட்டி மாசத்துக்கு ஒண்ணு."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த முறை 'இல்லை' என்று டிக் போட்டேன். ஓரத்தில் 'போர்த் தண்ணீர் உப்பு, நல்ல தண்ணி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். முதலில் இட்லிக்கடை அக்காவிடம் நீட்டினேன். வழக்கமாக நான் காட்டும் இடத்தில் பேசாமல் கையெழுத்துப் போடுபவர் அவர்.

"என்ன எழுதியிருக்க? வாசி" என்றார்.

அடுப்புப் பக்கத்தில் நின்று முதல் வரியிலிருந்து வாசித்தேன். நடுவில் ஒரு ஆளுக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு, "ம், மேல வாசி" என்றார். முடித்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அடுத்த வீட்டிலும் வாசிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும்.

எங்கள் தெருவுக்கு லாரி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த நாட்களில், பக்கத்துத் தெருவில் நிற்கும் லாரியில் அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை காலிக் குடத்தோடு ஓரமாக நின்று, மிச்சம் இருந்தால் பிடித்தோம்.