வார்டோசன் குன்றில் என் குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். லண்டனின் டூட்டிங் பகுதியில் அகதிகளுக்கு வீட்டு ஆலோசனை வழங்குவது என் வேலை. ஆதாரம் இல்லாத ஒரு வரியையும் படிவத்தில் எழுதவிட மாட்டேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபிக்கப்போவதில்லை. நானே உங்கள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நானும் அண்ணனும் வளர்ந்தது நோர்வேயில், வார்டோசன் என்ற காட்டுக் குன்றின் அடிவாரத்தில். அந்தப் பெயரில் அங்கே பல குன்றுகள் உண்டு. பகைவரின் கப்பல் தென்பட்டால் உச்சியில் விறகு அடுக்கித் தீ மூட்டி ஊர்களை எச்சரித்த காலத்துப் பெயர் அது. எங்கள் குன்றுக்கு மேற்கே கடல், கிழக்கே செங்குத்தான பாறைச் சரிவு, இடையில் பகலிலும் இருண்டிருக்கும் ஊசியிலைக் காடு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை உச்சியில் காவல் நிலை அமைத்தது. பாறையில் வெட்டிய நீண்ட பதுங்குகுழிகள் இன்றும் பாசி படிந்து கிடக்கின்றன. பள்ளியில் அதைப் பற்றி நான் கட்டுரை எழுதினேன். அண்ணனுக்கோ அந்தக் குன்று என்றால் காட்டுப்பழம், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். அவர் அங்கேயே இருக்கிறார். ஒரு செப்டெம்பர் மாதச் சனிக்கிழமைப் பிற்பகல், கடையில் மரவள்ளிக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"எடியே, பழம் பிடுங்க வந்து வழி மாறிப்போனன். ஒரே பனிப்புகார். காலும் சுளுக்கிப்போச்சு."

"உடனை அவசர இலக்கத்துக்கு எடுங்கோ அண்ணை."

"உனக்கென்ன விசரோ? ஹெலிகொப்டர் வரும். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சனம் என்னை வைச்சுப் பகிடி பண்ணும். நீதானே அந்த மலைக்குப் பண்டிதர், வழியைச் சொல்லு."

"பதுங்குகுழி ஏதும் தெரியுதோ?"

"ஓம், அதுக்குள்ளதான் நிக்கிறன்."

அந்தக் குழியின் ஒரு முனை பழைய பாதைக்குப் போகும். மறுமுனை கிழக்குச் சரிவின் விளிம்பில் முடியும். "அசையாதேங்கோ" என்று நான் சொல்லும்போதே தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. அவருடைய மானமா உயிரா என்று நிறுத்துப் பார்க்க நேரமில்லை. நானே நோர்வே பொலிசை அழைத்துச் சொன்னேன்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் வேறொரு இலக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. அடிவார வீதியில் தேடுதல் தொண்டர்கள் அவரைக் கண்டு கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

"நல்லாத்தான் வழி காட்டினாய். ஆனா அந்த அதட்டல் கொஞ்சம் கூடிப்போச்சு."

"நானோ?"

"பின்னை ஆர்? வலக்கையைச் சுவரில வை, நேரை போகாதை, பள்ளம், திரும்பு எண்டு றோட்டு மட்டும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாய். என்ரை போன் செத்துப்போச்சு எண்டு இஞ்சை வந்துதான் கண்டனான்."

என் கைபேசியில் அந்த அழைப்பு இரண்டு நிமிடங்கூட இல்லை. அச்சத்தில் மனம் தானே குரலை உண்டாக்கும் என்பார்கள். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் காட்டில் ஒரு குரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் உதவிக்கு அழையுங்கள்.

ஆனால் அண்ணன் அன்று இன்னொன்றும் கேட்டார்.

"அது சரி, கல்லைக் கீழை வைக்காதை, வைச்சாச் சுடுவாங்கள் எண்டு ஏன் சொன்னனீ? என்ரை கையில பழவாளிதானே இருந்தது?"

அந்தக் குழிகளுக்காக அந்தக் குன்றில் கல் சுமந்தவர்கள் ஜெர்மன் படையிடம் சிக்கிய போர்க்கைதிகள். அதை அண்ணனுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் இன்னமும் அங்கே பழம் பிடுங்கப் போகிறார். அந்தக் குரல் யாருடையது என்பதைவிட, அது அவரை யாரென்று எண்ணிக் காப்பாற்றியது என்பதுதான் என்னை உறுத்துகிறது.