இறக்கத்தில் நின்ற யானை

பிரகலாதன் மின்மானி வாசிப்பாளர். ஒரு நாளைக்கு நூறு வீடு ஏறி இறங்குவார். வாசலில் மோட்டார் சைக்கிளை அணைப்பது, இலக்கத்தைப் பதிவது, பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணுவது, அடுத்த வாசலில் மறுபடி அணைப்பது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பற்றரி இழக்கிற மின்சாரத்தை இருபது மீற்றர் ஓட்டம் திருப்பிக் கொடுக்காது. பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறவருக்கு இது தெரியாததல்ல.

அன்று காலை லிங்கநகரில் தன் வீட்டு வாசலில் பட்டனை அழுத்தியபோது எஞ்சின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. ஹோர்ன் தொண்டை கட்டின குரலில் ஒலித்தது. கிக்கரின் பல் தேய்ந்து மூன்று மாதமாகிறது. உதைத்தால் கால் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் மனைவி கீர்த்தனிதான் பின்னால் நின்று தள்ளிவிட்டாள். கராஜில் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சீனன்குடாப் பக்கத்து வீடுகள் இன்றைக்குள் முடிய வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் புறப்பட்டுவிட்டார். பகல் முழுக்க இறக்கமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். சில வாசல்களில் அணைக்கவே இல்லை.

நாலு மணிக்குக் கடைசி வீடு. பெரிய றோட்டிலிருந்து பற்றைக் காட்டுக்குள் ஏறிப்போகும், சரளைக்கல் போட்ட கிறவல் பாதையின் முடிவில் அது இருந்தது. ஆடு வளர்க்கிற ஸெய்னுதீன் அங்கே தனியாக இருந்தார்; அண்ணன் என்ற முறையில் பிரகலாதன் அவரைக் காக்கா என்று கூப்பிடுவார். ஐம்பத்தெட்டு வயது, ஒரு விபத்துக்குப் பிறகு வலது முழங்காலில் தகடு. கிண்ணியாவில் மகள் அம்ரா வீட்டுக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பெரிய றோட்டு வரை கொண்டுபோய் விடுவீர்களா என்று கேட்டார். பைக்கின் நிலைமையைச் சொல்லத்தான் பிரகலாதன் வாயெடுத்தார். ஆனால் எஞ்சின் அப்போது ஓடிக்கொண்டுதானே இருந்தது. ஏறச் சொன்னார்.

பாதை நெடுக ஒரே இறக்கம். பாதி வழியில் ஒரு வளைவு திரும்பியதும், கீழே, பாதை நடுவில் தனி யானை நின்றது. நூறு மீற்றர்கூட இருக்காது. பதற்றத்தில் பிரகலாதன் பிரேக்கை மிதித்தார். கிளச்சைப் பிடிக்க மறந்தார். எஞ்சின் நின்றது.

பட்டனை அழுத்தினார். டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. பெற்றோல் இருந்தது. பிளக் போன கிழமைதான் மாற்றினது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இறங்கிப் பக்க மூடியைக் கழற்றினார். பற்றரி முனையில் வெள்ளைப் பொடி பூத்து, வயர் தளர்ந்து ஆடியது. வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்பால் பொடியைச் சுரண்டினார். திறப்பின் நுனியாலேயே போல்ட்டை இறுக்கப் பார்த்தார். வியர்வையில் விரல் வழுக்கியது.

யானை காதை விரித்து இரண்டு எட்டு முன்னுக்கு வைத்தது.

"எனக்கு ஓட ஏலாது தம்பி," என்றார் ஸெய்னுதீன், மிகத் தாழ்ந்த குரலில். "நீங்க ஓடுங்க."

பிரகலாதன் மறுபடி அழுத்தினார். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி அடங்கியது. இன்னொரு தடவை அழுத்தினால், உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதற்கு வேண்டிய கொஞ்ச மின்சாரமும் போய்விடும். மேலே தள்ளிக்கொண்டு போக முடியாது. உருட்டுவதென்றால் கீழேதான், யானையை நோக்கித்தான்.

"காக்கா, இறங்கி அந்த மரத்துக்குப் பின்னால நில்லுங்கோ. நான் திரும்பி வருவன்."

ஸெய்னுதீன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்து, பிரேக்கை விட்டார். கிறவல் நெரிந்தது. வேகம் போதாது. இன்னும் கொஞ்சம். யானையின் நெற்றியில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது. இன்னும் கொஞ்சம். கிளச்சை விட்டார். பின்சில்லு இழுபட்டு, எஞ்சின் இருமி, ஒரு உதறலோடு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு யானை பிளிறிப் பின்வாங்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி முன்னே வந்தது. அக்சிலேற்றரை விடாமல், பாதையோரப் பற்றைக்குள் முன்சில்லு ஏற, வண்டியை அரைவட்டமாகத் திருப்பினார். மரத்தடியில் நின்று, எஞ்சினை உறுமவிட்டபடி, ஸெய்னுதீன் அந்த மடங்காத காலைத் தூக்கிப்போட்டு ஏறும்வரை காத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணில் யானையின் அடி விழுகிற சத்தம் கேட்டது. தோளில் ஸெய்னுதீனின் பிடி இறுகியதும் மேலே விட்டார்.

யானை வளைவோடு நின்றுவிட்டது. அது கீழேயிருந்த குளத்துப் பக்கம் இறங்கிப் போக முக்கால் மணித்தியாலம் ஆனது. அதுவரை வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைக்காமல் பிரகலாதன் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது. கிண்ணியா வரைக்கும் அவரே கொண்டுபோனார்.

அம்ரா வீட்டு வாசலில் ஸெய்னுதீன் இறங்கி நன்றி சொன்னபோது பிரகலாதனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"பற்றரி பிழையெண்டு காலமையே எனக்குத் தெரியும், காக்கா. சொல்லாமல்தான் உங்களை ஏத்தினனான்."

ஸெய்னுதீன் முழங்காலைப் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினார். "சொல்லியிருந்தா நடந்து போயிருப்பன்," என்றார். "நடந்திருந்தா தனியா ஆனைக்கு முன்னால நிண்டிருப்பன். அதுக்காக நீங்க செய்தது சரியெண்டு நான் சொல்ல மாட்டன்."

பிரகலாதன் தலையாட்டினார்.

திருகோணமலைக்கு வந்து, கராஜ் வாசலில்தான் எஞ்சினை அணைத்தார். பற்றரியை வெளியே எடுத்த மெக்கானிக், அதன் ஒரு பக்கம் வீங்கியிருப்பதைக் காட்டி, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். பிரகலாதன் அந்த வீக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பற்றரியோடு கிக்கரையும் மாற்றச் சொன்னார். இரண்டு நாள் நிற்க வேண்டிவரும் என்றான் அவன். நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி லிங்கநகருக்கு நடந்தார்.